அச்சுக்கு வராத படம்

கேமரா வைத்திருப்பவர்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். நீங்கள் எடுத்த இயற்கைக் காட்சிப் படம் உங்கள் வீட்டுச் சுவரில் எத்தனை மாட்டியிருக்கிறது? என்ன கேமரா, என்ன லென்ஸ் என்று நான் கேட்பதில்லை. அதைக் கேட்காமலே சொல்லிவிடுவார்கள்.

பெரும்பாலும் வருகிற பதில், "எல்லாம் ஹார்ட் டிஸ்க்குல இருக்கு சார்" என்பதுதான். ஆயிரக்கணக்கில் இருக்கும். ஏரி இருக்கும், மலை இருக்கும், பனி விழும் வயல் இருக்கும். சுவரில் மட்டும் ஒரு மளிகைக் கடைக் காலண்டர் தொங்கும். காலண்டரில் இருப்பது சுவிட்சர்லாந்து.

இதைப் படிக்கிற சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். நான் சொல்ல வருவது இதுதான்: தாளில் அச்சாகாத நிலக்காட்சிப் படம் இன்னும் முடியாத படம். முடிக்காத வேலைக்கு மேலும் மேலும் கருவி வாங்கிக்கொண்டே போவதற்குப் பெயர் கலை அல்ல, கொள்முதல். சர்க்கார் ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு புரட்டியவன் நான். கொள்முதலை எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் தென்னேரிக் கரைக்கோ, உத்திரமேரூர் ஏரிக்கரைக்கோ போய்ப் பாருங்கள். காரிலிருந்து நாலு பேர் இறங்குவார்கள். முதுகில் பள்ளிக்கூடப் பையைவிடப் பெரிய பை. உள்ளே இரண்டு கேமரா, அகலக் கோணத்துக்கு ஒரு லென்ஸ், தூரத்துக்கு ஒன்று, நடுவாந்தரத்துக்கு ஒன்று. கண்ணாடி ஃபில்டர்கள் தனிப் பெட்டியில். சூரியன் வருவதற்குள் பேச்சு முழுக்க அடுத்து வரப்போகிற மாடலைப் பற்றி. சூரியன் வந்ததும் இருநூறு படம். டிபனுக்குள் திரும்பிவிடுவார்கள். அன்று மாலை அதில் ஒரு படம் செல்போனில் எனக்கும் வரும். நானும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் அந்தச் சின்னப் பொம்மையை அனுப்பிவைப்பேன். அத்தோடு அந்த ஏரியின் கதை முடிந்தது.

இதில் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கணக்கு யாரையும் புண்படுத்தாது.

இன்று இயற்கைக் காட்சி எடுப்பவர்கள் ஆசைப்படுவது 45 மெகாபிக்சல் கேமரா. அதாவது ஒரு படத்தில் நாலரைக் கோடிப் புள்ளிகள். அந்தப் படத்தைப் பார்ப்பது எதில்? செல்போனில். சாதாரண செல்போன் திரையின் அகலம் 1,080 புள்ளி. போனை நிமிர்த்திப் பிடித்துப் படுக்கைவாட்டுப் படம் ஒன்றைப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது 1,080-க்கு 720. பெருக்கினால் ஏழு லட்சத்து எழுபத்தேழாயிரத்துச் சொச்சம். நாலரைக் கோடியில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. மிச்சம் தொண்ணூற்றெட்டுப் பங்குக்குக் கொடுத்த பணம் எங்கே போயிற்று? இதில் வாட்ஸப் வழியாக அனுப்பும்போது படத்தைச் சுருக்கி வேறு அனுப்புகிறது. தணிக்கைக்காரர் கையில் இந்தக் கணக்கு கிடைத்தால் விடமாட்டார்.

இதையே தாள் பக்கம் போட்டுப் பாருங்கள். 12-க்கு 18 அங்குல அச்சுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற உயர்ந்த கணக்கில், தேவைப்படுவது 3,600-க்கு 5,400. கிட்டத்தட்ட ஒரு கோடியே தொண்ணூற்று நாலு லட்சம் புள்ளி. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் வாங்கிப் பீரோவில் தூங்குகிற 12 மெகாபிக்சல் கேமராவில்கூட நீளவாக்கில் 4,000 புள்ளிக்கு மேல் இருக்கும். 18 அங்குலத்துக்குப் பிரித்தால் அங்குலத்துக்கு 220-க்குக் குறையாது. கை நீட்டுத் தூரத்தில் சுவரில் பார்ப்பதற்கு அது தாராளம். 45 மெகாபிக்சல் கேமராவின் முழுப் பலனும் வேண்டுமென்றால் 27 அங்குலத்துக்கு 18 அங்குலம் அச்சுப் போட வேண்டும். போடுகிறவர் கையைத் தூக்குங்கள், அவரோடு எனக்குச் சண்டை இல்லை. போடாதவருக்குப் பழைய கேமராவே போதும் என்பதுதான் என் கட்சி.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பிறகு உத்தியோகம், குடும்பம், வீடு எல்லாம் காஞ்சிபுரம் என்று ஆகிவிட்டது. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்ததில் பாதி மறந்து போயிற்று. ஆனால் சில சொற்கள் மட்டும் சட்டைப்பையில் கிடக்கும் பழைய சாவி மாதிரி அவ்வப்போது கையில் தட்டுப்படும். கேமரா லென்ஸுக்கு பிரெஞ்சில் 'ஒப்ஜெக்திஃப்' என்று பெயர். அதே சொல்லுக்கு 'நோக்கம்' என்றும் பொருள். கடையில் காசு கொடுத்தால் முதல் பொருள் கிடைக்கும். இரண்டாவது பொருளை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

இந்த விஷயம் காஞ்சிபுரத்துக்காரனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பட்டு எடுக்க வருகிற பெண்மணி என்ன செய்கிறார்? முந்தானையை விரித்துப் பார்க்கிறார். பார்டரைப் புரட்டிப் பின்பக்கம் பார்க்கிறார். உடலும் கரையும் சேரும் கோர்வையில் விரலை ஓட்டிப் பார்க்கிறார். ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்று கேட்கிறார். எந்தத் தறியில் நெய்தது, தறிக்கு எத்தனை வயசு, மரம் தேக்கா வேங்கையா என்று கேட்ட ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. நெசவாளியும் குழித்தறியைப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிப் பெருமைப்படுவதில்லை. புடவை மடித்துக் கைக்கு வந்தால்தான் கூலி. பாவு ஓட்டிவிட்டு, "எல்லாம் தறியில் இருக்கு" என்று சொன்னால் எந்த முதலாளியும் கணக்கு முடிக்கமாட்டார்.

கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆடாத ட்ரைபாட் ஒன்று வேண்டும். நல்ல லென்ஸ் ஒன்று வேண்டும். நம் ஊர் ஈரக் காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் பாதுகாக்க ஒரு டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வேண்டும். அதற்கு மேல் வாங்குவதெல்லாம் அவரவர் சந்தோஷம். ஆனால் வாங்கும் சந்தோஷத்தைப் படம் எடுக்கும் சந்தோஷம் என்று பெயர் மாற்றிக்கொள்ளக் கூடாது.

பாரிஸில் எழேன் அத்ஜே என்று ஒருவர் இருந்தார். நாடக நடிகராகப் பார்த்தார், சரிப்பட்டு வரவில்லை. பிறகு மரப்பெட்டிக் கேமரா ஒன்றைத் தூக்கிக்கொண்டு, பழைய பாரிஸின் தெருக்களையும் முற்றங்களையும் சுற்றுவட்டாரப் பூங்காக்களையும் படம் எடுக்கத் தொடங்கினார். 18-க்கு 24 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடுகள். 1927-ல் சாகும் வரை கிட்டத்தட்ட அதே கேமராதான். அதற்குள் கையடக்கக் கேமராக்கள் வந்துவிட்டன, அவர் மாறவில்லை. அவருடைய பல படங்களில் மேல் மூலைகள் வளைவாக இருண்டிருக்கும். லென்ஸின் வட்டம் தகடு முழுவதையும் எட்டவில்லை என்று அர்த்தம். இன்றைக்கு அப்படி ஒரு லென்ஸ் இருந்தால் யூட்யூபில் அரை மணி நேரம் திட்டித் தீர்த்துவிடுவார்கள்.

ஆனால் அவர் ஒவ்வொரு தகட்டையும் தாளில் அச்சிட்டார். தானே அச்சிட்டார். ஆல்பத்தில் ஒட்டினார், வரிசை எண் கொடுத்தார், இடத்தின் பெயரை எழுதினார், ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் விற்றார். குமாஸ்தா புத்தி என்று சிலர் சிரிக்கலாம். எனக்கு அதனால்தான் அவரைப் பிடிக்கும். 1920-ல் இரண்டாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட தகடுகளைப் பிரெஞ்சு அரசு அவரிடமிருந்து 10,000 பிராங்குக்கு வாங்கிக்கொண்டது. 1925-ல் 'சோ' என்ற பழைய அரண்மனைப் பூங்கா புதர் மண்டிக் கிடந்த நிலையில் திரும்பத் திரும்பப் போய் எடுத்தார். அது பிறகு சீர்திருத்தப்பட்டுவிட்டது. அந்தப் பாழும் அந்தப் பாழின் அழகும் இன்று எங்கே இருக்கின்றன? அத்ஜே போட்ட தாளில் இருக்கின்றன.

அது பிரான்ஸ் கதை, நமக்கென்ன என்று கேட்பீர்கள். நம் ஊர்க் கதை ஒன்று சொல்கிறேன், இன்னும் கசப்பானது.

1926-ல் புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழூவோ துப்ராய், காஞ்சிபுரம் வட்டாரத்தில் யோகினிச் சிலைகள் சிலவற்றைக் கண்டெடுத்தார். பத்தாம் நூற்றாண்டை ஒட்டிய கற்சிலைகள். அவை பாரிஸில் இருந்த சி.டி.லூ என்ற கலைப்பொருள் வியாபாரியிடம் போய்ச் சேர்ந்தன. இன்று ஒன்று பாரிஸின் கீமே அருங்காட்சியகத்தில், ஒன்று லண்டனில், வேறு சில வாஷிங்டனிலும் டெட்ராய்டிலும் மினியாபொலிஸிலும் டொரண்டோவிலும். சென்னை அருங்காட்சியகத்திலும் உண்டு. சிலைகள் பத்திரம். நல்ல வெளிச்சத்தில், கண்ணாடிக்குள், நல்ல கேமராவில் எடுத்த படங்களுடன் இருக்கின்றன. ஆனால் அவை எந்தக் கோயிலில் இருந்தன, அந்தக் கோயில் எந்த இடத்தில் நின்றது என்று இன்றுவரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பொருள் இருக்கிறது, இடம் போய்விட்டது. ஏரிக்கரையோ, மேடோ, பனந்தோப்போ, அந்த இடத்தையும் சேர்த்துக் காட்டும் ஒரே ஒரு தாள் இருந்திருந்தால் போதும். அந்தத் தாளுக்குத்தான் நிலக்காட்சிப் படம் என்று பெயர்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் அதே புதுச்சேரியில் உண்டு. 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுக் கோயில்களைக் கறுப்பு வெள்ளையில் வரிசையாகப் படம் எடுத்து, அட்டையில் ஒட்டி, ஊர்ப்பெயர் எழுதி அடுக்கி வைத்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். அரியலூர்ப் பக்கம் ஸ்ரீபுரந்தானிலிருந்து திருட்டுப்போன நடராஜர், ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்திலிருந்து 2014-ல் திரும்பி வந்தார். அவர் நம்மவர்தான் என்று காட்ட அங்கே இருந்த பழைய படம் முக்கியச் சான்றாக நின்றது. அதை எடுத்தவர் எந்த லென்ஸில் எடுத்தார் என்று எந்த அதிகாரியும் கேட்கவில்லை. படம் இருந்தது, ஊர்ப்பெயர் எழுதியிருந்தது. அவ்வளவு போதுமானதாக இருந்தது.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம். பழைய செங்கல்பட்டு ஜில்லாவை ஏரி ஜில்லா என்பார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை முறையைப் பற்றிப் பேசுகிறவர்கள், அதே கல்வெட்டில் ஏரி வாரியம் என்று தனியாக ஒரு வாரியம் வருவதை விட்டுவிடுகிறார்கள். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேர்ந்தெடுத்த மண் இது. வருவாய்த் துறைப் பதிவேட்டில் அந்த ஏரி எப்படி இருக்கும் தெரியுமா? சர்வே எண், பரப்பு, 'ஏரி - புறம்போக்கு'. முடிந்தது. புலப்படத்தைப் பிரித்தால் எல்லைக்கோடு தெரியும். மார்கழியில் அந்தத் தண்ணீர்மேல் பனி எப்படி நிற்கும், கோடையில் உள்வாயில் எத்தனை மாடு மேயும், கலங்கலில் தண்ணீர் எப்படித் தாண்டும் என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. பதிவேட்டுக்கு முகம் கிடையாது. முகத்தைக் கொடுக்க வேண்டியவர் நீங்கள், கேமரா வைத்திருப்பவர்.

வாலாஜாபாத், உத்திரமேரூர்ப் பக்கத்துக் குன்றுகளில் சில ஜல்லியாகி லாரியில் போய்விட்டன. குன்று இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் நிற்கும் பள்ளம். பாலாற்று மணலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2022-ல் பரந்தூர் விமான நிலையத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஐயாயிரம் ஏக்கருக்கு மேல், அதில் ஏரிகளும் குட்டைகளும் வாய்க்கால்களும் அடக்கம். ஏகனாபுரத்து மக்கள் எதிர்த்துப் போராடி வருகிறார்கள். திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பது இன்றைய கட்டுரை அல்ல. நான் கேட்பது வேறு. எப்படி முடிந்தாலும் சரி, அந்த நிலம் இருந்த முகத்தைத் தாளில் எடுத்துவைத்திருக்கிறவர் யார்? பரந்தூர் காஞ்சிபுரத்திலிருந்து கூப்பிடு தூரம். நம்மிடம் இருக்கும் கேமராக்களை அடுக்கினால் ஒரு அறை நிறையும். ஆனால் எல்லாரும் லடாக் போய்வந்த படத்தைத்தான் காட்டுகிறார்கள்.

"எடுத்து வெச்சிருக்கோம் சார், அச்சுப் போடலை, அவ்வளவுதானே? கிளவுட்ல பத்திரமா இருக்கு" என்று ஒரு தம்பி என்னிடம் வாதாடினார். நல்ல பையன், நன்றாகவும் எடுப்பார். அவருக்கு அத்திவரதரை நினைவுபடுத்தினேன். அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கும் பெருமாள் நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை வெளியே வருகிறார். 1979-ல் வந்தார். அந்த வருஷத்துப் படங்கள் கொஞ்சம்தான் இருக்கும், ஆனால் காஞ்சிபுரத்து வீடுகளில் பூஜை அறையில் கண்ணாடி போட்டு இன்றும் இருக்கின்றன. 2019-ல் ஜூலை 1 முதல் 48 நாள் வந்தார். கூட்டத்தில் கைக்குக் கை செல்போன். அதற்காக இறைத்துவிட்ட குளத்தின் படிகளையும் அடித்தரையையும் நாற்பது வருஷத்தில் ஒரே தடவைதான் பார்க்க முடியும். அதையும் எடுத்தவர்கள் இருப்பார்கள். அந்தச் செல்போன்கள் இன்று எங்கே? பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கியாயிற்று. திரை உடைந்தது, பாஸ்வேர்டு மறந்தது. 2059-ல் பெருமாள் மறுபடி எழுந்தருளும்போது, பேரனுக்குக் காட்ட எது கையில் இருக்கும்? பாஸ்வேர்டு என்பது ஆளோடு போய்விடும். தாள் வீட்டோடு இருக்கும்.

தாளிலும் கறை விழும், செல்லரிக்கும், வெள்ளத்தில் நனையும். தெரியும். ஆனால் தாளைப் பார்ப்பதற்கு மின்சாரம் வேண்டாம், சந்தா வேண்டாம், மென்பொருள் வேண்டாம். லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியைச் சென்னை அரசாங்கம் 1856-ல் புகைப்படக்காரராக நியமித்தது. அவர் மாட்டு வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று சுற்றி, மெழுகு பூசிய காகித நெகட்டிவில் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, பத்தொன்பது அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். பிறகு வந்த ஆளுநர் ட்ரெவெலியன் இது ஆடம்பரச் செலவு என்று பிரிவையே மூடிவிட்டார். நிதித் துறை அன்றும் நிதித் துறைதான். ஆனால் மூடுவதற்குள் ட்ரைப் பல பிரதிகள் அச்சிட்டுவிட்டார். அதனால்தான் 1858-ன் தமிழ்நாட்டை இன்று நாம் பார்க்க முடிகிறது.

இதுவரை சொன்னது கடமை. இனி சந்தோஷத்தைச் சொல்கிறேன், அதைச் சொல்லாவிட்டால் நான் எழுதியது சுற்றறிக்கை மாதிரி ஆகிவிடும்.

பிரெஞ்சில் அச்சான புகைப்படத்துக்கு 'எப்ரூவ்' என்று ஒரு பெயர் உண்டு. அந்தச் சொல்லுக்குச் சோதனை, பரீட்சை என்றும் பொருள். மிகச் சரியான பெயர். திரை பின்னாலிருந்து விளக்குப் போட்டுக் காட்டுகிறது. விளக்குப் போட்டால் எதுவும் கொஞ்ச நேரம் அழகாகத்தான் இருக்கும். தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. நம் ஜன்னல் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். திரையில் உள்ள அத்தனை வெளிச்சமும் அத்தனை இருளும் தாளில் அடங்காது. ஆகவே எது வேண்டும், எது வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தே ஆக வேண்டும். ஏரிக்கரைப் பனைமரத்தின் கறுப்பில் கொஞ்சம் விவரம் விடுவதா, முழுக் கறுப்பாக விட்டுவிடுவதா? வானம் வெறும் வெள்ளையாகப் போகலாமா? அந்த முடிவெடுக்கும் அரை மணி நேரம் இருக்கிறதே, அதுதான் படம் செய்கிற நேரம். பொத்தானை அழுத்துவது விதைப்பு மட்டும்.

முதல் அச்சு வந்ததும் மேஜைமேல் வைத்து இரண்டு நாள் போகிற வருகிறபோது பாருங்கள். திரையில் கண்ணில் படாத கரண்ட் கம்பி ஒன்று தெரியும். ஓரத்தில் ஒரு நெகிழிப் பை தெரியும். அடிவானம் அரை விரல் சாய்ந்திருப்பது தெரியும். மறுவாரம் அதே கரைக்குப் போய் நாலு அடி தள்ளி நிற்பீர்கள். உங்கள் காலை நகர்த்திவைத்தது அந்தத் தாள். எந்த லென்ஸும் அதைச் செய்யாது.

அந்தக் காலத்தில் 'படம் கழுவியாச்சா' என்று ஸ்டூடியோவில் கேட்டு நிற்போம். எடுத்த படம் தாளுக்கு வந்தே தீரும், வேறு வழியில்லை. கறுப்பு வெள்ளை அச்சில் நாம் பார்க்கும் கறுப்பு மை அல்ல, நுண்ணிய வெள்ளித் துகள். ஜரிகையில் ஓடுகிற அதே வெள்ளிதான். அந்தத் தாளுக்காக நம் அரசாங்கமே ஊட்டியில் ஒரு தொழிற்சாலை வைத்திருந்தது. இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 1960-ல் தொடங்கி, பொஷே என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் தொழில்நுட்ப உதவியோடு 1967-ல் உற்பத்திக்கு வந்தது. 'இந்து' என்ற பெயரில் தாளும் ஃபிலிமும் எக்ஸ்ரே தகடும் வந்தன. ஆலையை ஒட்டி வளர்ந்த குடியிருப்புக்கும் இந்து நகர் என்று பெயர். அந்த ஆலை மூடிப் போயிற்று. அது போனதற்குக் காரணங்கள் பல. ஆனால் தாளைத் தேடிப் போகிற பழக்கமும் கூடவே போனதுதான் எனக்கு வருத்தம்.

"அச்சுப் போடறது தனித் தொழில் சார், எங்களுக்கு அதெல்லாம் தெரியாது" என்பது அடுத்த சமாதானம். தெரிய வேண்டியதில்லை. 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்த புகைப்படக்காரர் ஆன்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் தன் படங்களைத் தானே அச்சிட்டவர் இல்லை. பாரிஸில் பிக்டோரியல் சர்வீஸ் என்ற கூடத்தில் தேர்ந்த கைகள் அச்சிட்டன. அவரும் பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றோடுதான் உலகத்தைச் சுற்றினார். அச்சிடுவதைப் பிறரிடம் கொடுக்கலாம். அச்சுக்கு அனுப்பாமல் இருக்கத்தான் கூடாது.

செலவு? ஒரு நல்ல ஃபில்டர் விலையில் ஒரு வருஷத்துக்கு வேண்டிய அச்சுகளைப் போட்டுவிடலாம். கலர் லேபுக்குப் போகுமுன் நாலு விஷயம் கவனித்தால் போதும். ஒன்று, கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சத்தை நன்றாகக் குறைத்துவைத்துப் படத்தைத் திருத்துங்கள். 'அச்சு இருட்டா வந்துடுச்சு' என்று புலம்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் திரை கண்ணைக் கூசும். இரண்டு, லேபில் 'ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம்' என்று எழுதிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் மெஷின் பனிமூட்டத்தை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும். ஒரு லேபில் என் திருமுக்கூடல் படத்துக்கு அப்படித்தான் ஆயிற்று. பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேருகிற இடத்தில் பனி எல்லாம் காணாமல் போய், பட்டப்பகல் ஆகி வந்தது. பெயர் வேண்டாம், இரண்டாவது தடவை சரியாகப் போட்டுக் கொடுத்தார்கள். மூன்று, பளபளப்புத் தாளைவிட மேட் தாள் சுவருக்கு நல்லது, டியூப்லைட் அதில் பிரதிபலிக்காது. நான்கு, பிரேம் போடும்போது நடுவில் ஜன்னல் வெட்டிய அட்டை ஒன்று வையுங்கள். படம் கண்ணாடியைத் தொட்டால் நம் ஊர் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது.

ஐந்தாவதாக ஒன்று உண்டு, அது இலவசம். படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் எழுதுங்கள்: தேதி, ஊர், எந்தக் கரையில் நின்று எந்தத் திசை பார்த்து எடுத்தது. கேமராவின் பெயரை எழுத வேண்டாம்.

நான் கேட்பது பெரிய தியாகம் ஒன்றும் அல்ல. இந்த வருஷம் புதுச் சாமான் எதுவும் வாங்காதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் ஒரே ஒரு ஏரியையோ குன்றையோ எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் ஒரு தடவை, ஆடியில் ஒரு தடவை, ஐப்பசி மழையில் ஒரு தடவை, தையில் ஒரு தடவை, ஒரே இடத்தில் நின்று எடுங்கள். நாலு படம், நாலு அச்சு. இரண்டு பிரதி போடுங்கள். ஒன்று உங்கள் சுவருக்கு. மற்றது அந்த ஊர் நூலகத்துக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ, பஞ்சாயத்து ஆபீசுக்கோ. வாங்கிக்கொள்ள மறுத்தால் அந்த ஊர் டீக்கடையில் மாட்டச் சொல்லுங்கள். டீக்கடைக்காரர் மறுக்கமாட்டார். "இது நம்ம ஏரிதானே" என்று நாலு பேர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பார்ப்பார்கள். ஒருவர் விரலை வைத்து, "இங்கதான் மதகு" என்று காட்டுவார். லைக் என்றால் அதுதான் லைக்.

அந்தத் தம்பி இன்னும் எனக்குப் பதில் சொல்லவில்லை. புது லென்ஸ் முன்பதிவு செய்திருக்கிறாராம். லென்ஸ் வரட்டும், வாழ்த்துகள். பரந்தூர்ப் பக்கம் இந்த வருஷம் மழை பெய்து ஏரி நிறைந்தால், அவர் எடுக்கும் ஒரு படத்தைத் தாளில் பார்க்க வேண்டும். அச்சுக் கூலி நான் கொடுக்கிறேன். இதை எழுத்துமூலமான உத்தரவாதமாகவே எடுத்துக்கொள்ளலாம்.